கம்ப்யூட்டருக்கு ஒரு செம்பு தண்ணீர்

சென்ற இதழில் இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் தண்ணீர் சமாசாரம்தான், சகோதரிகளே. ஊற்றுகிற இடம்தான் வேறு. கம்ப்யூட்டருக்குள்ளே!

"கரண்டு ஓடுற பொட்டியில தண்ணி ஊத்துறதா? ஆத்தாளுக்கும் புள்ளைக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று என் மாமியார் கேட்டார்கள். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். கேட்டதோடு விட்டுவிடாமல் அன்றைக்கே இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தேனானால் எங்கள் வீட்டில் 27,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மாடியில் ஷீட் போட்ட ஒரு ரூம் உண்டு. கார்த்திகை தொடங்கி மாசி வரை வெளியூர்க்காரர்களோ வெளிநாட்டுக்காரர்களோ வாடகைக்கு இருப்பார்கள். பங்குனி வெயில் உறைக்க ஆரம்பித்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். ரூம் காலியானதும் என் மூத்த பையன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு மாடிக்குப் போய்விடுவான். அவனுக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். டவுனிலும் போளூர், ஆரணி பக்கமும் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் படத்தை எடுத்துக் கொடுப்பார்கள். இவன் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பான். சித்திரையும் வைகாசியும்தான் முகூர்த்த சீசன். வெயிலும் அப்போதுதான்.

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம் என்பது கோயிலுக்குள் போனால்தான் தெரியும் என்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஐந்து நிமிஷம் நின்றாலே போதும். எதிரே நிற்பது முழுக் கல் மலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி திருப்பித் தரும். ஊரில் 40 டிகிரி என்றால் அந்த ஷீட் ரூமுக்குள் அதற்கு மேலேயே இருக்கும்.

முந்தின வருஷக் கோடையில்தான் தொல்லை ஆரம்பித்தது. எடிட் செய்ததை எல்லாம் ஒரே படமாகச் சேர்த்து எடுப்பதற்கு 'ரெண்டர்' என்று பெயர். அப்போது கம்ப்யூட்டர் மூச்சு வாங்க வேலை செய்யும், இரண்டு மணி மூன்று மணி நேரத்துக்கு. பாதி தாண்டும், பட்டென்று அணைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் இரண்டு ஸ்டூடியோக்கள் கை நழுவிப் போயின. அவன் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். எனக்கு வயிற்றைப் பிசையும்.

"அம்மா, வாட்டர் கூலிங் போட்டா சரியாயிடும். புதுசா வாங்குனா முப்பதாயிரம் ஆகும். எனக்குத் தெரிஞ்ச பையன் பழசு ஒண்ணு ஒம்பதாயிரத்துக்குத் தர்றேன்றான்" என்றான். நான் சீட்டுப் பணத்தில் ஒன்பதாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் பங்கு. என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. அது என் தப்பு.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் மூளையாகிய ப்ராசஸர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பில்லை. அந்தக் காலத்து குண்டு பல்ப் 60 வாட், 100 வாட் என்று எரியுமே, ஞாபகம் இருக்கிறதா? கை வைத்தால் பொத்துப் போகும். பெரிய ப்ராசஸர்கள் முழு மூச்சில் ஓடும்போது 150, 200 வாட்டுக்கு மேலேயும் இழுக்கும். அத்தனையும் அந்தச் சின்னப் பில்லையில் உஷ்ணமாகிவிடும். அந்த உஷ்ணத்தை உடனுக்குடன் வெளியே எடுத்துக் கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் ஏறக்குறைய 95, 100 டிகிரியில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள அணைந்துவிடும். கெட்டுப் போய் அணையவில்லை, கெட்டுப் போகாமல் இருக்கத்தான் அணைகிறது.

சாதாரணமாக அந்தப் பில்லையின் மேல் தகடு தகடாக ஓர் உலோகக் கட்டியும் அதன்மேல் ஒரு ஃபேனும் இருக்கும். தண்ணீர் முறையில் பில்லையின் மேல் ஒரு செம்புக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதற்குள்ளே மெல்லிய வாய்க்கால்கள். பம்ப் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் அந்த வாய்க்கால்களில் ஓடி, சூட்டை வாங்கிக் கொண்டு, ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப வரும். லாரிக்கு முன்னால் இருக்குமே, அதே ரேடியேட்டரின் குட்டிதான். ஒரே அளவு காற்றையும் தண்ணீரையும் எடுத்துக் கொண்டால், ஒரு டிகிரி ஏறுவதற்குள் தண்ணீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் உஷ்ணத்தை வாங்கிக் கொள்ளும். அதனால்தான் இதற்குத் தண்ணீர்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். 1980 இல் ஐபிஎம் கம்பெனி அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டர் தண்ணீரில்தான் குளிர்ந்தது. 1985 இல் வந்த க்ரே-2 என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் இன்னும் வேடிக்கை. மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் உறுப்புகளையே முக்கி வைத்திருந்தார்கள், ஊறுகாய் ஜாடி மாதிரி! நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022 இல் நிறுவிய பரம் பிரவேகா சூப்பர் கம்ப்யூட்டரிலும் திரவத்தை ஓடவிட்டுத்தான் சூட்டை எடுக்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் கவனித்துக் கொள்ள ஆள் உண்டு. எங்கள் மாடியில் யார் இருக்கிறார்கள்?

போன வருஷம் மாசி மாதத்தில் பையனும் அவன் சிநேகிதனும் உட்கார்ந்து ராத்திரி முழுக்க மாட்டினார்கள். நானும் டீ போட்டுக் கொடுத்தேன். "தண்ணி எதுடா?" என்று கேட்டதற்கு, "நம்ம போர் தண்ணிதாம்மா, வடிகட்டிட்டோம்" என்றான். எங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது? வாரத்துக்கு ஒரு நாள் குக்கர் அடியில் வெள்ளையாகப் படிந்ததைப் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

பங்குனி முழுக்க நன்றாக ஓடியது. சித்திரையும் ஓடியது. வைகாசியில் ஒரு நாள் மாடி பெருக்கப் போனேன். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. கண்ணாடி மாதிரி இருந்த குழாய் உள்ளே பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. ரேடியேட்டர் வாயருகே வெள்ளை மாவு பூத்து, அதிலிருந்து சொட்டிய ஈரம் கீழே இருந்த கிராஃபிக்ஸ் கார்டு மேல் காய்ந்து கறையாக இருந்தது. "என்னடா இது?" என்றேன். "கரண்டு இல்லம்மா" என்றான். கீழே மிக்ஸி ஓடிக் கொண்டிருந்தது!

இரண்டு நாளாக மறைத்து வைத்திருக்கிறான். கார்டு போய்விட்டது. வாங்கிய விலை 18,000. எனக்குக் கோபம் பணத்துக்காக வரவில்லை. என்னிடம் சொல்லப் பயந்தானே, அதுதான் வந்தது. ரொம்ப நேரம் பேசாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவனும் இரண்டு படி கீழே வந்து உட்கார்ந்தான். "அந்தப் பொண்ணு வீட்டு வீடியோ?" என்று கேட்டேன். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. சிநேகிதன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலு ராத்திரி கண் விழித்து முடித்துக் கொடுத்தான்.

என் தம்பி லாரி மெக்கானிக். அவன் வந்து கழற்றிப் பார்த்தான். "அக்கா, மேல இருக்கறது செம்பு. ரேடியேட்டரு அலுமினியம். ரெண்டையும் ஒரே தண்ணியில போட்டா பேட்டரி மாதிரி ஆயிடும். அலுமினியத்தை அரிச்சுத் தின்னுரும். அதுலயும் நம்மூரு உப்புத் தண்ணி!" என்றான். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி வைத்திருந்தால் காலையில் புள்ளி புள்ளியாக அரித்திருக்குமே, அதற்கு அண்ணன் முறை என்று வைத்துக் கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிற பழைய சாமானில் இதுதான் ஆபத்து. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிப் பளபளவென்றிருக்கும். செம்பும் பித்தளையும் சேரலாம். அலுமினியம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. விற்கிறவரிடம் "ரேடியேட்டர் உள்ளே என்ன உலோகம்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் வாங்க வேண்டாம்.

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் நான் சொல்லிவிட்டேன். "பணம் என்னுது. கணக்கும் என்னுது. ஒவ்வொண்ணா செஞ்சு பார்க்கலாம். எத்தனை டிகிரி குறையுதுன்னு எழுதி வைடா." ஸ்க்ரீனிலேயே ப்ராசஸர் சூட்டைக் காட்ட வைக்கலாமாம். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். மாடியில், முழு வேலையில், 98 டிகிரி. அதுதான் முதல் வரி.

முதலில் செலவில்லாத வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், அம்மாடி! செங்கம் ரோடு புழுதி, பஞ்சு, ஒரு குட்டி மயிலிறகு வேறு. ஆசிரமத்து மயில்கள் எங்கள் மாடியில்தான் நடை பழகும். தகடுகளின் இடுக்கெல்லாம் கம்பளி போர்த்திய மாதிரி அடைத்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்தோம். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக் கொண்டு துடைக்க வேண்டும். சுழல விடக் கூடாது. பிறகு ப்ராசஸருக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே தடவும் பேஸ்ட். பழையது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தான். பேஸ்ட் 350 ரூபாய். நோட்டில் அடுத்த வரி: 91.

அப்புறம் நான் சொன்னேன், "கீழே ஹாலுக்குக் கொண்டு வா." அவனுக்கு இஷ்டமில்லை. மாடியில் தனி ராஜ்யம் அல்லவா? ஆனால் கீழே ஓட்டு வீட்டு ஹால் ஏழு டிகிரி குறைச்சல். நோட்டில்: 84. அறை எத்தனை டிகிரி குறைகிறதோ, ஏறக்குறைய அத்தனையும் ப்ராசஸரில் குறையும். காற்றானாலும் தண்ணீரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சமாசாரம். தண்ணீர் முறை வைத்தால் கம்ப்யூட்டர் ஜில்லென்று ஆகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகாது. அது குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டைச் சுமந்து போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அறைக் காற்று 40 டிகிரி என்றால் தண்ணீர் 40க்குக் கீழே போகவே போகாது. "மண்பானையில மட்டும் எப்படிடா ஜில்லுனு ஆவுது?" என்று கேட்டேன். பானைத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, அதில் குளிர்கிறது. இங்கே குழாய்க்குள் அடைத்த தண்ணீர், ஆவியாகிப் போக வழியில்லை. "அப்போ ஐஸ் போட்டா?" என்றேன் விடாமல். ஐஸ் தண்ணீர் டம்ளரை மேஜை மேல் வைத்தால் வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதே, அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள்ளும் வியர்க்கும். ஒழுகாமலேயே நனைந்து போகும்! கம்ப்யூட்டர் தள்ளும் சூடும் உங்கள் அறைக்குள்தான் வரும். கரண்டு பில்லும் குறையாது. பம்ப் ஓடும் சில வாட் கூடத்தான் ஆகும்.

84 டிகிரி போதுமே, அங்கேயே நின்றிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அதோடு நிறுத்திக் கொள்ளலாம் என்றுதான் நான் சொல்லுவேன். லெட்டர் டைப் அடிக்கிற, பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வைப்பது, ஒரு ஆளுக்குச் சமைக்க அண்டாவை ஏற்றுவது மாதிரி. எங்கள் வீட்டில் வந்த சிக்கல் வேறு. ஹாலில் படுப்பது என் மாமியார். ராத்திரி ரெண்டர் போட்டால் அந்தச் சின்ன ஃபேன் மாவு மில் மாதிரி கத்தும். "தூங்க வுட மாட்டியாடா, பாவி" என்று அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். 72 வயது, ரத்தக் கொதிப்பு வேறு. தூக்கம் கெட்டால் மறுநாள் தலை சுற்றல். பேரன் பிழைப்பா, பாட்டி தூக்கமா? ஈகோ மோட் என்று ஒன்றில் வைத்தால் ப்ராசஸர் குறைவாக மின்சாரம் இழுக்கும். சத்தமும் குறைந்தது, வேலை முடியச் சற்று நேரம் கூடியது. சீசனில் அதுவும் கட்டவில்லை.

பெரிய ஏர் கூலர் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்லது, ஒழுகவும் ஒழுகாது. ஆனால் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தால் எங்கள் பெட்டி ஒடுக்கம், மூடி மூடாது. அதனால்தான் கடைசியில் மறுபடியும் தண்ணீருக்கே வந்தோம். ஆனால் இந்தத் தடவை ஊற்றுகிற தண்ணீர் அல்ல. கம்பெனியிலேயே திரவம் அடைத்து, பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சீல் வைத்து வருவது. 'ஏஐஓ' என்பார்கள். 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர், இரண்டு ஃபேன், 6,400 ரூபாய். பெரிய ரேடியேட்டரில் பெரிய ஃபேன்கள் நிதானமாகச் சுற்றினாலே போதுமானதால் சத்தம் குறைவு. சிக்கனமாகத் தண்ணீர் முறை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் சரி.

வாங்குமுன் நாலைக் கவனியுங்கள். பெட்டியின் முன்புறமோ மேலோ அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். உங்கள் ப்ராசஸர் வகைக்கு மாட்டும் கிளிப் கூட வருகிறதா என்று கேட்க வேண்டும். கேரண்டி எத்தனை வருஷம், ஒழுகினால் கெட்டுப் போகிற மற்றப் பாகங்களுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் பார்க்க வேண்டும். மாட்டும்போது ரேடியேட்டரின் மேல் நுனி பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும்; அது மேலே போய் ஒதுங்கிக் கொள்ளும். பம்ப் உயரத்தில் இருந்தால் காற்று அங்கே போய் அடைத்து, கொடகொடவென்று சத்தம் போட்டு, பம்ப்பையும் கெடுக்கும். நாங்கள் முன்புறம் வைத்துக் குழாய் வாய் கீழே வருமாறு மாட்டினோம்.

இதையும் சாசுவதம் என்று நினைக்காதீர்கள். வருஷம் போகப் போகக் குழாய்ச் சுவர் வழியாகவே திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பம்ப்பும் தேயும். மாட்டிய தேதியைப் பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பம்ப் நின்றால் கத்துவதற்கு அலாரமும் வைக்கச் சொன்னேன்.

தனித்தனியாக வாங்கித் தானே கோத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். என் பையனுக்கும் அந்த ஆசை போகவில்லை. செய்யட்டும், ஆனால் போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. இதற்கென்றே விற்கிற கூலண்ட் அல்லது டிஸ்டில்டு வாட்டருடன் பாசிக்கும் துருவுக்கும் உரிய மருந்து. பேட்டரி கடையில் கேட்டால் ஆசிட் கேனை எடுத்துத் தந்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை! குழாயில் வெயில் படக் கூடாது. வெளிச்சம்தான் பாசிக்குச் சோறு. பம்ப்பைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் கூட ஓட்டக் கூடாது. எல்லாம் கோத்தபின் மற்றப் பாகங்களுக்குக் கரண்டு கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடப் பார்க்கவில்லை.

குழந்தைகள் உள்ள வீடு என்றால் இன்னொன்று. சிலர் சிக்கனத்துக்காகக் கார் கூலண்டைக் கலக்குவார்கள். அதில் எத்திலீன் கிளைக்கால் இருந்தால் அது விஷம். ருசி இனிப்பாக இருக்கும், நிறமும் ஷர்பத் மாதிரி. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெட்டிக்கு முன்னால் பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒரு தடவை உதறினால் போதும், புழுதி உள்ளே போவது எவ்வளவோ குறைந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் நோட்டின் கடைசி வரி 72. அன்றைக்கு ஆரணிக் கல்யாணம் ஒன்று மூன்றரை மணி நேரம் ரெண்டர் ஆயிற்று. நடுவில் நானும் பையனும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தோம். அத்தை குறட்டை விட்டுத் தூங்கிக் கொண்டிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டிப் பார்த்தார்கள். வெதுவெதுவென்று காற்று வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்க்கிறேன், முந்தின நாள் சரியாகக் காயாத வடகத்தைத் தாம்பாளத்தோடு கொண்டு வந்து அதற்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

பழைய 27,000 ரூபாயில் பையன் மாதம் ஆயிரமாக அரிசி டின்னில் போடுகிறான். இந்த மாதத்தோடு ஐந்து ஆயிற்று.